ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: பென்டிரைவைச் செருகுவதற்கு முன்னும் பின்னும்

உங்கள் கேள்வி இது: வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. அதில்தான் நீங்கள் சில கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறீர்கள். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்கு இப்போது லினக்ஸ் தேவைப்படுகிறது. இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா, மெஷின் மெதுவாகிவிடுமா, கணக்குகள் அழிந்துபோகுமா, பிடிக்காவிட்டால் பிறகு எடுத்துவிட முடியுமா?

வைக்கலாம். மெதுவாகாது. எடுத்துவிடவும் முடியும். கணக்குகள் அழியுமா என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லக் கூடாது. இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

ஒரே மெஷினில் இப்படி இரண்டு இயங்குதளங்களை வைப்பதற்கு டூயல் பூட் என்று பெயர். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மெஷினைப் போட்டதும் ஒரு பட்டியல் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள், அது மட்டும் ஓடும். இன்னொன்று அப்போது டிஸ்க்கில் கிடக்கும் கோப்புகள், அவ்வளவுதான். எனவே 8 ஜிபி ரேமும் ஓடுகிற ஒன்றுக்கே முழுசாகக் கிடைக்கும். இரண்டும் பங்கு போட்டுக்கொள்வது நான்கே பொருள்கள்: டிஸ்க், அந்த டிஸ்க்கிலேயே இருக்கும் சின்ன பூட் பகுதி, மதர்போர்டில் இருக்கும் கடிகாரம், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு. டூயல் பூட்டில் வரும் தொல்லைகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் வேர் இருக்கும்.

இது ஏதோ நிபுணர்களின் விளையாட்டு என்ற பயமும் வேண்டாம். தமிழ்நாடு அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது சிடாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான இயங்குதளம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் அப்போதே டூயல் பூட் மெஷின் இருந்தது.

ஒன்றை முதலில் மகளிடம் கேட்டுவிடுங்கள்: லினக்ஸ் எதற்கு? சி, பைத்தான், ஷெல் நிரல்கள் எழுதும் ஆய்வக வகுப்புக்கு மட்டும் என்றால் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது. 2016-இல் வந்தது, 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து உண்மையான லினக்ஸ் கருவே (கெர்னல்) அதற்குள் ஓடுகிறது. ஒரே கட்டளையில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை வந்துவிடும், வேண்டாம் என்றால் ஒரு செயலியை எடுப்பதுபோல் எடுத்துவிடலாம். லினக்ஸை ஒரு முழு இயங்குதளமாகவே பழக வேண்டும், டிரைவர்கள், டெஸ்க்டாப், நெட்வொர்க் எல்லாம் கைப்பட அறிய வேண்டும் என்றால் டூயல் பூட்டுக்கு ஈடு இல்லை. விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினியைப் போலியாக ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை 8 ஜிபி ரேமில் இரு பக்கமும் மூச்சு வாங்க வைக்கும். உங்கள் மெஷினுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

டூயல் பூட்தான் என்று முடிவானால், முதலில் பார்க்க வேண்டியது என்கிரிப்ஷன், அதாவது டிஸ்க்கில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவைப்பது. இதில் அவசரம் வேண்டாம், ஏனென்றால் உங்கள் கணக்குகளின் கதி இதில்தான் இருக்கிறது.

விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்தாலே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்வது இப்போது சாதாரணம். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் நிறைய மெஷின்களில் இப்படி நடக்கிறது. ஹோம் பதிப்பில் இதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர், புரோ பதிப்பில் பிட்லாக்கர். உள்ளே வேலை செய்வது ஒரே நுட்பம். தன் டிஸ்க் பூட்டியிருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கலாம், ஏனென்றால் சாவி டிபிஎம் சில்லுக்குள் இருக்கிறது. மெஷின் வழக்கமான வழியில் பூட் ஆகும்வரை சில்லு கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடும். பயாஸில் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) ஒரு அமைப்பை மாற்றினாலோ, பூட் ஆகும் வழியில் புதிதாக ஒரு நிரல் வந்து சேர்ந்தாலோ, சில்லு சந்தேகப்பட்டுச் சாவியைத் தர மறுக்கும். உடனே ஒரு நீலத்திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்த 48 இலக்கம் கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் எடுக்க முடியாது, எந்த சர்வீஸ் சென்டராலும். லினக்ஸ் போட்டதில் எல்லாம் போய்விட்டது என்று நான் கேட்ட கதைகளில் பலவற்றில் ஒரு பைட்டுகூட அழிந்திருக்கவில்லை. பூட்டின் சாவி இல்லாமல் போனதுதான் நடந்தது.

ஆகவே செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பக்கத்தில் ரெக்கவரி கீயை எடுத்து, அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் கோப்பாகச் சேமித்து வைப்பதில் பயனில்லை. நம் ஊரில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மெஷின் வாங்கிய இடத்தில் ‘எல்லாம் ரெடி பண்ணித் தருகிறேன்’ என்று சொல்லி, அங்கிருப்பவர் தன்னுடைய மின்னஞ்சலைக் கொண்டே முதல் நுழைவைச் செய்து கொடுத்திருப்பார். அப்படியானால் ரெக்கவரி கீ அவருடைய கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். உங்கள் கணக்கில் கீ காணவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் இப்போதே என்கிரிப்ஷனை நிறுத்தி, உங்கள் சொந்தக் கணக்குக்கு மாறிக்கொள்ளுங்கள். நீலத்திரை வந்த பிறகு இதைச் செய்ய வழியில்லை.

நான் சொல்லும் முறை: கீயை எழுதி வைத்த பிறகு, லினக்ஸ் வேலைக்கு முன்பாக என்கிரிப்ஷனை நிறுத்துங்கள். டிஸ்க் முழுவதும் பூட்டுத் திறந்து முடிக்க நேரம் பிடிக்கும், சார்ஜரைச் செருகிவைத்துவிட்டுக் காத்திருங்கள். பூட்டிய டிஸ்க்கைக் கண்டால் விண்டோஸோடு சேர்த்துப் போட உபுண்டு இன்ஸ்டாலரும் மறுத்துவிடும். எல்லாம் முடிந்து சில நாள் ஓட்டிப் பார்த்து நிம்மதியான பிறகு மறுபடியும் என்கிரிப்ஷனைப் போட்டுவிடுங்கள். அப்போது புதிய ரெக்கவரி கீ உருவாகும், அதையும் எழுதி வையுங்கள். வீட்டோடு இருக்கும் டெஸ்க்டாப் என்றால் என்கிரிப்ஷன் இல்லாமலே விட்டுவிடலாம் என்பேன். உங்களிடம் இருப்பது லேப்டாப், அதில் இருப்பது பிறருடைய கணக்கு. பேருந்தில் அது தொலைந்தால் உங்கள் வாடிக்கையாளர்களின் வரவு செலவு தெருவுக்கு வரக் கூடாது.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்த வசதி. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாது. தன் உள் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகும், அடுத்த தடவை அதிலிருந்தே எழும். விண்டோஸ் மட்டும் இருக்கும் மெஷினில் இதனால் கெடுதல் இல்லை. இரண்டாவதாக ஒரு இயங்குதளம் வந்துவிட்டால் நிலைமை வேறு. பேரேட்டில் பாதிப் பதிவை எழுதிவிட்டு, திறந்தபடியே வைத்து ஒருவர் எழுந்து போகிறார். அவர் வருவதற்குள் இன்னொருவர் அதே பக்கத்தில் எழுதிவிடுகிறார். திரும்பி வந்தவர் தன் ஞாபகத்தில் இருந்தபடியே தொடர்கிறார். கணக்கு எப்படிக் குழம்புமோ அப்படி டிஸ்க் குழம்பும். இதை அறிந்துதான், இப்படித் தூங்கும் விண்டோஸ் பகுதியைக் கண்டால் லினக்ஸ் அதை எழுத முடியாதபடி, படிக்க மட்டும் திறக்கிறது. ‘லினக்ஸில் டி டிரைவில் சேமிக்க முடியவில்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகு அது மறுபடி இயங்க ஆரம்பித்திருக்கலாம், ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி இருக்கும் மெஷினில் இதை நிறுத்துவதால் பூட் ஆகும் நேரத்தில் நீங்கள் உணரும்படி எதுவும் மாறாது. சந்தேகமான நேரத்தில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக அணையும். ரீஸ்டார்ட் எப்போதுமே முழு அணைப்புதான்.

பேக்கப் பற்றி நீங்கள் அறிவீர்கள், கணக்கு எழுதுபவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: டேலியின் டேட்டா கோப்புறையை வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகு, அந்த நகலை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த வேலை எதையும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) மாற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்து அணைந்தால் உண்மையாகவே டேட்டா போகும்.

இனி இடம் ஒதுக்குவது. 512 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டியை விண்டோஸ் சுமார் 476 ஜிபி என்று காட்டும். உற்பத்தியாளர் ஆயிரத்தின் பெருக்கமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் பெருக்கமாக எண்ணுகிறது, எதுவும் குறைந்துபோகவில்லை. இதில் லினக்ஸுக்கு 100 ஜிபி போதும். லினக்ஸ் மின்ட் என்ற வகை 20 ஜிபி இருந்தாலே ஏறும், 100 ஜிபி இருந்தால் வசதி என்று அவர்களே சொல்கிறார்கள். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, ஷ்ரிங்க் வால்யூம் கொடுங்கள். அது எம்பியில் கேட்கும். 102400 என்று எழுதினால் 100 ஜிபி. சுருக்கிய இடம் கறுப்புப் பட்டையோடு காலியாகத் தெரியும். அதை அப்படியே விடுங்கள், அதில் புது டிரைவ் எதுவும் உருவாக்க வேண்டாம். பக்கத்தில் ரெக்கவரி என்று ஒரு சின்ன பார்ட்டிஷன் தெரிந்தால் அதையும் தொட வேண்டாம்.

200 ஜிபி காலியாக இருக்கும்போது 20 ஜிபிதான் சுருக்க முடியும் என்று சில சமயம் விண்டோஸ் சொல்லும். காலி இடத்தின் நடுவே நகர்த்த முடியாத கோப்புகள் உட்கார்ந்திருப்பதுதான் காரணம்: பேஜிங் கோப்பு, ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரிஸ்டோர் சேமிப்புகள். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயன்றால் வழி விடும். விண்டோஸ் பகுதியைச் சுருக்கும் வேலையை எப்போதும் விண்டோஸைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது என் கட்சி. லினக்ஸ் இன்ஸ்டாலரும் அதைச் செய்யும், ஆனால் தன் கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்று விண்டோஸுக்குத்தான் நன்றாகத் தெரியும். சுருக்கியதும் இரண்டொரு தடவை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸும் டேலியும் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

எந்த லினக்ஸ்? முதல்முறை என்றால் லினக்ஸ் மின்ட் 22 வரிசை, அல்லது உபுண்டு 24.04. மின்ட் 22 இந்த உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் உண்டு. விண்டோஸ் பழகிய கண்ணுக்கு மின்ட்டின் மெனு உடனே பிடிபடும் என்பதால் வீட்டுக்கு நான் அதையே சொல்வேன். அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச நிரலைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். ரூஃபஸில் ஜிபிடி, யுஇஎஃப்ஐ என்ற தேர்வுகளே இருக்கட்டும். உங்கள் விண்டோஸ் 11 யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில்தான் ஓடுகிறது, லினக்ஸும் அதே முறையில் ஏற வேண்டும். பழைய லெகஸி முறையில் ஒன்றும் புது முறையில் ஒன்றுமாகப் போட்டால் இரண்டும் ஒரே பட்டியலில் வராது.

பென்டிரைவிலிருந்து பூட் செய்ய டெல், லெனோவா மெஷின்களில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். வந்ததும் இன்ஸ்டால் பக்கம் போகாதீர்கள். பென்டிரைவில் இருந்தபடியே மின்ட் முழுசாக ஓடும், டிஸ்க்கில் எதுவும் எழுதாது. ஒரு மாலை நேரம் அதில் உலாவுங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் கேட்கிறதா, வீட்டு பிரிண்டர் அச்சடிக்கிறதா? சில வைஃபை சில்லுகளுக்கும் சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கும் லினக்ஸில் டிரைவர் தகராறு உண்டு. அதை இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தக் கட்டத்தில் சில லேப்டாப்களில் எஸ்எஸ்டியே கண்ணில் படாது. பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற சேமிப்பு முறை இயங்கிக்கொண்டிருக்கும், அதுதான் மறைக்கிறது. பயாஸுக்குப் போய் நேரடியாக ஏஎச்சிஐ என்ற பொதுவான சேமிப்பு முறைக்கு மாற்றினால் லினக்ஸ் டிஸ்க்கைப் பார்க்கும், விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். சரியான வரிசை இது: விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து அடுத்த பூட் சேஃப் மோடில் என்று குறித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் எழும்போது தேவையான டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடு குறியை நீக்கிவிடலாம். முன்பே சொன்ன என்கிரிப்ஷன் வேலையை முடிக்காமல் இதைச் செய்தால் 48 இலக்கத் திரை வந்து நிற்கும்.

இன்ஸ்டால் செய்வது இத்தனைக்குப் பிறகு சின்ன வேலை. ‘விண்டோஸோடு சேர்த்து நிறுவு’ என்ற தேர்வு வந்தால் அதைக் கொடுங்கள், காலி இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்ற தேர்வும் அதே திரையில்தான் இருக்கும். அந்த ஒரு திரையில் மட்டும் இரண்டு பேர் சேர்ந்து படித்துவிட்டு அழுத்துங்கள். நீங்களே பார்ட்டிஷன் பிரிப்பதாக இருந்தால் காலி இடத்தில் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் ஒரே ஒரு பார்ட்டிஷன் போதும். ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குத் தனி இடம் வேண்டாம், அதை ஒரு கோப்பாக இன்ஸ்டாலரே உருவாக்கிக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், அதை ஃபார்மேட் செய்யும் டிக்கைப் போட்டுவிடாதீர்கள்.

இந்த இஎஃப்ஐ பார்ட்டிஷன்தான் முதலில் சொன்ன சின்ன பூட் பகுதி. ஃபேட்32 முறையில், பல மெஷின்களில் வெறும் 100 எம்பி அளவில் இருக்கும். அதில் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு கோப்புறை, லினக்ஸ் போட்டதும் பக்கத்தில் உபுண்டு என்று இன்னொரு கோப்புறை. ஒன்றின் மேல் ஒன்று எழுதுவதில்லை. பழைய பயாஸ் காலத்தில் டிஸ்க்கின் முதல் செக்டாரில் ஒரே ஒரு பூட் நிரலுக்குத்தான் இடம் இருந்தது. அதனால்தான் ‘விண்டோஸை முதலில் போடு, இல்லாவிட்டால் லினக்ஸை அழித்துவிடும்’ என்று அப்போது சொன்னார்கள். யுஇஎஃப்ஐ வந்த பிறகு அந்த அழிப்பு இல்லை. உங்களிடம் விண்டோஸ் ஏற்கெனவே இருப்பதால் வரிசை பற்றிய கவலையும் இல்லை. மின்ட்டுக்கும் உபுண்டுவுக்கும் இந்த 100 எம்பி தாராளம். பாப் ஓஎஸ் மாதிரி கருவையே இந்தப் பகுதியில் வைக்கும் வகைகளுக்குப் போதாது.

மின்ட் போட்டவர்கள் பயாஸ் பட்டியலில் மின்ட் என்று தேடி ஏமாறுவார்கள். மின்ட்டும் உபுண்டு என்ற பெயரிலேயே அங்கு பதிவாகும், அது சரிதான். இதனாலேயே மின்ட்டையும் உபுண்டுவையும் ஒரே டிஸ்க்கில் சேர்த்துப் போட்டால் ஒன்றின் பூட் கோப்புறையில் இன்னொன்று எழுதிவிடும்.

கையொப்பம் இல்லாத நிரல்களைப் பூட் ஆக விடாத செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டியதில்லை. உபுண்டுவும் மின்ட்டும் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற ஷிம் என்ற சிறு நிரல் வழியாக அது இயங்கும்போதே பூட் ஆகும். என்விடியா கிராஃபிக்ஸ் இருந்து அதன் டிரைவரைப் போட்டால், இன்ஸ்டாலர் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலநிறத்தில் மோக் என்று ஒரு திரை வரும். பலர் பயந்து கன்டின்யூ அழுத்திவிடுவார்கள், டிரைவர் ஏறாமல் போகும். அங்கே என்ரோல் மோக் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

இனிமேல் மெஷினைப் போட்டால் கிரப் என்ற லினக்ஸ் பூட் நிரலின் பட்டியல் வரும். ஒரு நாள் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பட்டியல் வராமல் நேரே விண்டோஸ் எழலாம். லினக்ஸ் எங்கும் போயிருக்காது, பூட் வரிசையில் விண்டோஸ் முன்னால் வந்திருக்கும். பயாஸில் உபுண்டுவை மறுபடி மேலே ஏற்றினால் தீர்ந்தது. இதைவிடப் பெரிய தொல்லையும் ஒருமுறை நடந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, பழைய ஷிம் நிரல்களைத் தடைசெய்யும் பட்டியலை டூயல் பூட் மெஷின்களிலும் எழுதிவிட்டது. செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்த பல மெஷின்களில் லினக்ஸ் எழ மறுத்தது. செக்யூர் பூட்டைச் சற்று அணைத்து, அந்தப் பட்டியலை நீக்கி, லினக்ஸை அப்டேட் செய்த பிறகுதான் சரியானது. மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்துத் தீர்வை 2025 மே மாதம் வெளியிட்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் நடைமுறை: லினக்ஸ் பக்கத்தையும் மாதம் ஒருமுறையாவது திறந்து அப்டேட் செய்யுங்கள், அந்த பென்டிரைவை அழிக்காமல் மேசை டிராயரில் வையுங்கள்.

என்கிரிப்ஷனை மறுபடி போட்ட பிறகு, கிரப் வழியாக விண்டோஸுக்குப் போகும்போது ரெக்கவரி கீ கேட்கக்கூடும், ஏனென்றால் பூட் ஆகும் வழி மாறுகிறது. அப்படிக் கேட்டால் மெஷினைப் போட்டதும் எஃப்12 போன்ற விசையை அழுத்தி விண்டோஸ் பூட் மேனேஜரை நேரடியாகத் தேர்ந்தெடுங்கள்.

கடிகாரத் தொல்லை முதல் நாளே கண்ணில் படும். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் மணி 5.30 மணி நேரம் பின்னால் இருக்கும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதே எண்ணை நம் ஊர் நேரம் என்று வாசிக்கிறது. அற்பமாகத் தெரியலாம். கோப்புகளின் நேரம் தாறுமாறாகிவிட்டால் எந்த டேலி பேக்கப் கடைசியானது என்று சொல்ல முடியாது. நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையே வேலை செய்தால் தேதியே முந்தைய நாளாகிவிடும். தீர்வு லினக்ஸ் பக்கம்தான் எளிது: டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையைக் கொண்டு மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொன்னால் போதும், மகளே செய்துவிடுவார். அப்படி வைக்கக் கூடாது என்று எச்சரிக்கும் குறிப்புகளைப் பார்ப்பீர்கள். கோடையிலும் குளிரிலும் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இரண்டு இயங்குதளங்களும் தனித்தனியே ஒரு மணி நேரத்தை மாற்றிவிடும் என்பதே அந்த எச்சரிக்கைக்கு முக்கியக் காரணம். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வழக்கம் இல்லை, சிங்கப்பூர், மலேசியாவிலும் இல்லை. லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் உறவினருக்கு இதையே சொல்லிவிடாதீர்கள். அவர்கள் விண்டோஸ் பக்கத்தில் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுவதுதான் நல்லது.

கோப்புகளைப் பகிர்வது பற்றி. லினக்ஸ் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகுதிகளைப் படிக்கும், எழுதும். 2021-இல் வந்த 5.15 கருவிலிருந்து புதிய டிரைவர் கருவுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸுக்கு லினக்ஸின் எக்ஸ்ட்4 பகுதி தானாகத் தெரியாது. என்கிரிப்ஷன் இல்லாத வீடுகளில் டி டிரைவையே பொது இடமாக வைத்துக்கொள்வார்கள். உங்கள் விஷயத்தில் சி, டி எல்லாம் பூட்டியே இருக்கட்டும். லினக்ஸிலிருந்து திறந்தால் அந்த நீளமான கீயைக் கேட்கும், மகள் லினக்ஸில் எதைச் சோதித்துப் பழகினாலும் தவறுதலாக டேலி டேட்டாவில் கை படாது. பரிமாற எக்ஸ்ஃபேட் முறையில் ஒரு பென்டிரைவ் போதும், இரண்டும் அதை நன்றாகக் கையாளும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம், பொதுவான வழிகாட்டிகளில் இது இருக்காது. எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்புப் பெயரின் எல்லை 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ஆக 85 குறியீடுகள்தான். ‘கு’, ‘க்’ போன்ற எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு குறியீடுகள் என்பதால் நடைமுறையில் ஐம்பது சொச்சம் எழுத்துகளோடு எல்லை முடிந்துவிடும். விண்டோஸில் இதைப்போல் மூன்று மடங்கு இடம் உண்டு. அங்கே நீளமாகப் பெயர் வைத்த ஒரு கோப்பை லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது ‘பெயர் நீளம்’ என்று மறுத்தால் கோப்பு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். எதிர்த்திசையில், லினக்ஸில் பெயருக்குள் முக்காற்புள்ளி, கேள்விக்குறி போடலாம், விண்டோஸ் அதை ஏற்காது. ‘பில் 12:30’ என்று பெயர் வைக்காதீர்கள்.

தமிழ் தட்டச்சுக்குக் கவலை இல்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும் ஆவணங்களைத் திறக்க, அந்த எழுத்துருக் கோப்புகளை லினக்ஸிலும் சேர்த்துவிட்டால் லிப்ரேஆஃபீஸ் காட்டும்.

மெஷினில் இன்னொரு எஸ்எஸ்டி செருக இடம் இருக்கிறதா என்று ஒருதடவை பார்க்கச் சொல்கிறேன். இருந்தால் மேலே சொன்ன சுருக்கும் வேலையே வேண்டாம். என் சொந்த மெஷின் என்றால் 256 ஜிபியில் தனி எஸ்எஸ்டி வாங்கி லினக்ஸை அதில் போடுவதைத்தான் நான் செய்வேன். அப்போது விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவுங்கள். மின்ட் பயன்படுத்தும் இன்ஸ்டாலருக்கு, நாம் எந்த டிஸ்க்கைச் சொன்னாலும் பூட் நிரலை முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியில் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் உண்டு.

கடைசியாக, எடுப்பது. இங்கேதான் பலர் வரிசை மாற்றிச் செய்கிறார்கள். லினக்ஸ் பார்ட்டிஷனை முதலில் அழித்துவிட்டால், கிரப் தன் அமைப்புக் கோப்பைக் காணாமல் கறுப்புத் திரையில் நின்றுவிடும். முதலில் பயாஸுக்குப் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் மேலே ஏற்றுங்கள். ரீஸ்டார்ட் செய்து நேராக விண்டோஸ் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் நீக்கி, சி டிரைவை எக்ஸ்டெண்ட் கொடுத்து அந்த 100 ஜிபியைத் திரும்பச் சேர்த்துவிடலாம். இஎஃப்ஐ பகுதியில் உபுண்டு கோப்புறை சில எம்பி அளவில் மிச்சம் இருக்கும். அது எந்தத் தொந்தரவும் செய்யாது, அதை நீக்கப் போய் பக்கத்தில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் கோப்புறையில் கை வைத்துவிடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.